வஞ்சிரத்தைத் தாண்டி காசிமேட்டில் என்ன வாங்குவது?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. ஈரோட்டிலிருந்து சென்னை தண்டையார்பேட்டைக்குக் குடிவந்து மூன்று மாதம் ஆகிறது. ஊரில் மீன் என்றால் கட்லா, ஜிலேபி, விசேஷத்துக்கு வஞ்சிரம். போன ஞாயிறு காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனீர்கள், பெயர் தெரியாத வகைகள் வரிசையாகக் கிடந்தன, அந்தச் சத்தத்தில் தலை சுற்றி மறுபடியும் வஞ்சிரமே அரை கிலோ வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டீர்கள். "கடலில் கிடைப்பதில் என்னென்ன சாப்பிடலாம், எதில் ஆரம்பிக்கலாம், வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது" என்று கேட்டிருக்கிறீர்கள். பார்த்தால் பட்டியல் கேட்பதுபோல இருக்கிறது. ஆனால் ஏமாறாமல் வாங்கணும், முள் மாட்டக் கூடாது, குழந்தைக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்பதுதான் உள்ளே இருக்கிற கவலை என்று நினைக்கிறேன். அதற்குப் பதில் சொன்னால் வகைகள் தானாக வந்துவிடும்.

என்னைப் பற்றி ஒரு வரி. அம்மா பழைய வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் முப்பது வருடம் கூடை தூக்கி மீன் விற்றவர். நான் கடல் உணவு ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் பதினாறு வருடம் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன், அதாவது காலையிலிருந்து இரவுவரை இறாலையும் கணவாயையும் முகர்ந்து பார்ப்பது. நான் டாக்டர் இல்லை, உடம்பு சம்பந்தமாகச் சொல்வதை மட்டும் உங்கள் டாக்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மா மீனைப் பார்த்தவுடன் இரண்டு கேள்விதான் கேட்பார்: எங்க கெடந்தது, எப்ப செத்தது. பெயரும் விலையும் அதற்கு அப்புறம்தான். காசிமேட்டில் இரண்டு விதமான படகுகள் மீன் கொண்டுவருகின்றன. பெரிய விசைப்படகுகள் பல நாள் கடலில் தங்கி, பிடித்ததை ஐஸில் போட்டுக்கொண்டு வரும். ஃபைபர் படகுகள் இரவு போய்க் காலையில் திரும்பிவிடும். அதனால் நீங்கள் அதிக விலை கொடுத்த வஞ்சிரம் பிடிபட்டு ஒரு வாரம் ஆகியிருக்கலாம், பக்கத்திலேயே கேட்பாரற்றுக் கிடந்த நெத்திலி அன்று விடியற்காலை உயிரோடு இருந்திருக்கலாம். ஒழுங்காக ஐஸ் போட்ட மீன் ஒரு வாரம் தாங்கும், அதில் தப்பில்லை. ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்த மீனுக்கு அரை நாளே அதிகம்.

முதலில் மேல் தண்ணீரிலும் நடுத் தண்ணீரிலும் ஓடுகிற மீன்கள். வஞ்சிரம், சூரை, சீலா, பாறை, காணாங்கெளுத்தி, மத்தி, கவலை, நெத்திலி எல்லாம் இந்தக் கூட்டம். எந்நேரமும் நீந்துகிற உடம்பு என்பதால் சதை கெட்டியாக இருக்கும், பலவற்றில் நடுவில் ஒரு கருஞ்சிவப்புப் பட்டை ஓடும், எண்ணெய்ச் சத்தும் அதிகம். ஒமேகா 3 வேண்டுமென்று மாத்திரை வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும், மத்தியிலும் காணாங்கெளுத்தியிலும் இருக்கிற அளவு வஞ்சிரத்தில்கூட இல்லை, விலையோ நாலில் ஒரு பங்குதான். நெத்திலியை முள்ளோடு மென்று தின்றுவிடலாம், சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்தே போகும். பெயரில் மட்டும் ஜாக்கிரதை: சென்னையில் சீலா என்றால் நீள மூஞ்சியும் ஊசிப் பல்லுமாக இருக்கிற மீன், தூத்துக்குடிக்காரரிடம் சீலா என்று கேட்டால் வஞ்சிரத்தைக் காட்டுவார், அவருக்கு நம்ம சீலா ஊளி. கன்னியாகுமரிப் பக்கம் வஞ்சிரமே நெய்மீன். இதனால் வந்த சண்டைகளை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கூட்டத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது, இது உறுதியாகத் தெரிந்தது. சூரை, காணாங்கெளுத்தி, மத்தி போன்றவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் நிறைய உண்டு. பிடித்தபின் ஐஸ் போடாமல் விட்டால் பாக்டீரியா அதை ஹிஸ்டமைனாக மாற்றிவிடும். ஹிஸ்டமைன் எவ்வளவு வேகவைத்தாலும் போகாது, வறுத்தாலும் போகாது. ஒருமுறை தெருவோரக் கடை ஒன்றில் மலிவாகக் கிடைக்கிறதே என்று சூரை வாங்கி வந்தேன், நான், அதுவும் தரம் பார்க்கிற வேலையில் இருந்துகொண்டே. சாப்பிட்டு அரை மணி நேரத்தில் என் தம்பிக்கு முகம், கழுத்து, காது எல்லாம் மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்து தலைவலி வந்துவிட்டது, எனக்கு நாக்கில் மிளகு கடித்ததுபோல ஒரு எரிச்சல். மீன் அலர்ஜி என்று நாங்களே முடிவு கட்டினோம், டாக்டர்தான் இது மீனின் கோளாறு இல்லை, வைத்திருந்த விதத்தின் கோளாறு என்று சொன்னார். அதிலிருந்து சூரையும் காணாங்கெளுத்தியும் ஐஸ் மேல் கிடந்தால்தான் வாங்குவேன்.

அடுத்தது அடித்தரையை ஒட்டி வாழ்கிறவை, உங்களைப்போலப் புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு இதுதான் நல்ல இடம். கிழங்கான், சங்கரா, நாக்கு மீன், நவரை, பன்னா, காரப்பொடி, கொஞ்சம் தாராளமாகச் சொன்னால் வவ்வாலையும் இதில் சேர்க்கலாம். சதை வெள்ளையாக, மெதுவாக இருக்கும், வாடையும் குறைவு. கிழங்கானை எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்கும் கொடுப்பார்கள். விரல் நீளத்துக்குக் கொஞ்சம் அதிகம் இருக்கும், மணல் நிறம், நடு முள்ளைப் பிடித்து இழுத்தால் சதை இரண்டு பக்கமும் தனியாக வந்துவிடும். சங்கரா சிவப்பாக, பார்க்க அழகாக இருக்கும், குழம்புக்கும் வறுவலுக்கும் இரண்டுக்கும் ஒத்துவரும், ஆனால் செதிலை நன்றாக எடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் குழம்பு முழுக்கக் கண்ணாடித் துண்டு மாதிரி மிதக்கும். காரப்பொடி வெள்ளிக்காசு மாதிரி சின்ன மீன், வழவழப்பாக இருக்கும், கழுவுவதற்குள் பொறுமை போய்விடும், முள்ளும் அதிகம். ஆனால் மாங்காய் போட்டு வைத்த காரப்பொடிக் குழம்பு மறுநாள் காலை இட்லிக்கு இருக்கிறதே, அதற்காக நான் வஞ்சிரத்தை விட்டுக்கொடுப்பேன். கடற்கரை வீடுகளில் விற்காமல் எடுத்து வைத்துக்கொள்கிற மீன் எது என்று பாருங்கள், பெரும்பாலும் இப்படிப்பட்ட சின்ன மீனாகத்தான் இருக்கும்.

வவ்வாலில் ஒரு விஷயம். வெள்ளை வவ்வால்தான் அசல் வவ்வால் இனம். கருப்பு வவ்வால் என்று விற்பது உருவத்தில் ஒத்திருந்தாலும் பாறை மீனின் குடும்பம், ருசி மோசமில்லை, ஆனால் வெள்ளை வவ்வால் விலை கொடுக்கத் தேவையில்லை. சில ஓட்டல்களில் வவ்வால் என்று தட்டில் வருவது இரண்டுமே கிடையாது, அது ரூப்சந்த் என்று ஆந்திராவில் குளத்தில் வளர்க்கிற மீன், பிறந்த இடம் தென் அமெரிக்க ஆறு, பிரானாவுக்குப் பங்காளி. வாயைத் திறந்து பார்த்தால் மனிதப் பல் மாதிரி வரிசையாக இருக்கும். கெடுதல் ஒன்றும் இல்லை, கடல் மீன் விலைக்கு வாங்காமல் இருந்தால் சரி. அதேமாதிரி முள்ளில்லாத வெள்ளைத் துண்டாக வரும் ஃபிஷ் ஃப்ரை பல இடங்களில் பாசா, அதுவும் நல்ல தண்ணீர் மீன்தான்.

முகத்துவாரத்து மீன்கள் தனி ருசி. கொடுவா, மடவை, காலா எல்லாம் கடலுக்கும் உப்பங்கழிக்கும் போய்வருகிறவை. பழவேற்காட்டிலிருந்து வரும் மடவைக்கு அங்கே உள்ளவர்கள் தனி மரியாதை கொடுப்பார்கள். சில சமயம் லேசான சேற்று வாடை வரும், கல் உப்பும் புளித்தண்ணீரும் போட்டு மண்சட்டியில் தேய்த்துக் கழுவினால் பெரும்பாலும் போய்விடும். அம்மா அப்படித் தேய்க்கும்போது கேட்கிற சரசர சத்தத்தை வைத்தே அன்றைக்கு வீட்டில் மீன் என்று அடுத்த வீட்டுக்குத் தெரிந்துவிடும்.

சுறாவும் திருக்கையும் எலும்பே இல்லாதவை, உள்ளே குருத்தெலும்புதான். அதனால் முள் பயமில்லை, குழந்தைக்குக் கொடுக்கலாமே என்று தோன்றும். இங்கேதான் நிறுத்தச் சொல்வேன். பெரிய மீன் சின்ன மீனைத் தின்கிறது, அது தின்ற பாதரசமும் இதன் உடம்பில் சேர்கிறது, அதனால் நீண்ட நாள் வாழும் பெரிய வேட்டை மீன்களில் பாதரசம் அதிகம், இது நிரூபிக்கப்பட்டது. கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்லும் பட்டியலில் சுறா, வாள்மீன், மார்லின், கிங் மேக்கரல் எல்லாம் இருக்கின்றன. அந்தக் கிங் மேக்கரல் அட்லாண்டிக் பக்கத்து மீன், நம் வஞ்சிரம் இல்லை, ஆனால் நெருங்கிய சொந்தம். ஆகவே குழந்தைக்குப் பெரிய வஞ்சிரத் துண்டை வாராவாரம் கொடுப்பதைவிடச் சின்ன மீனைக் கொடுப்பது நல்லது. பால் சுறாப் புட்டு சாப்பிட்டால் தாய்ப்பால் ஊறும் என்பது நம் ஊர் வழக்கம், எல்லா வீட்டிலும் செய்வார்கள், என் அக்காவுக்கும் செய்தார்கள். பால் ஊறியது புட்டாலா, புட்டோடு சேர்த்துக் கிடைத்த பூண்டாலா, நாலு நாள் கவனிப்பாலா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ருசிக்காகச் செய்யுங்கள், குட்டிச் சுறாவாகப் பார்த்து எப்போதாவது. சுறா பழசானால் மூத்திர வாடை மாதிரி மூக்கைத் துளைக்கும், அதன் சதையில் இருக்கிற யூரியா அம்மோனியாவாக மாறுவதால் வருவது அது, மசாலாவால் மறைக்க முடியாது.

பேத்தை என்று வயிற்றை உப்பிக்கொள்ளும் மீன் வலையில் வரும். யார் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். அதன் விஷம் சமைத்தாலும் சாகாது, மாற்று மருந்தும் கிடையாது.

இறாலுக்கு வருவோம், எங்கள் வாயில் எறா. கடையில் இப்போது பாதிக்கு மேல் வனாமி, பண்ணையில் வளர்ப்பது. மெக்சிகோவிலிருந்து பெரு வரையிலான பசிபிக் கடலோரத்தைச் சேர்ந்த இனம், 2009-இல்தான் இந்தியாவில் வளர்க்க அனுமதித்தார்கள், வந்தவுடன் புலி இறாலை ஓரங்கட்டிவிட்டது. கடல் இறால் ருசி அதிகம் என்று நான் சொன்னால் அது என் நாக்கின் பாரபட்சம், ஆனால் கண்ணைக் கட்டிக்கொண்டு கொடுத்தாலும் கண்டுபிடிப்பேன் என்ற நம்பிக்கை உண்டு. ஏற்றுமதியில் அளவை எண்ணிக்கையில் சொல்வோம், 21/25 என்றால் ஒரு பவுண்டுக்கு அத்தனை இறால் நிற்கும் என்று அர்த்தம். வீட்டுக்கு நீங்கள் பார்க்க வேண்டியது வேறு: தலை உடம்போடு இறுக்கமாக ஒட்டியிருக்கணும், தலை கறுத்துத் தொங்கினால் வேண்டாம். உரித்து வைத்த இறால் வாங்காதீர்கள். தலை இல்லாததால் வயது தெரியாது, அதோடு சில இடங்களில் பாஸ்பேட் கரைசலில் ஊறவைத்து எடை ஏற்றுகிறார்கள், வாணலியில் போட்டதும் தண்ணீர் விட்டுச் சுருங்கினால் புரிந்துகொள்ளலாம். முதுகில் கறுப்பு நூல் மாதிரி இருப்பது அதன் குடல், எடுத்துவிடுங்கள். குழந்தைக்கு முதல்முறை இறாலோ நண்டோ கொடுக்கும்போது துளி கொடுத்து அன்று முழுக்கக் கவனியுங்கள், இந்த அலர்ஜி நிஜமானது, வேகவைப்பதால் குறையாது. சிங்கி எறா என்கிற லாப்ஸ்டரை ஏலத்தில் பார்ப்பீர்கள், பெரும்பாலும் உயிரோடேயே வெளிநாட்டுக்குப் போய்விடும்.

நண்டில் நீலக்கால் நண்டு, முதுகில் மூன்று புள்ளி உள்ளது, சிலுவைக் குறி போட்டது என மூன்றும் கடலிலிருந்து ஐஸில் வரும். சேற்று நண்டு பழவேற்காட்டிலிருந்து கால் கட்டப்பட்டு உயிரோடு வரும், செத்த சேற்று நண்டை யாரும் வாங்கக் கூடாது, உள்ளே வெகு சீக்கிரம் அழுகிவிடும். வயிற்றைத் திருப்பிப் பாருங்கள், மூடி ஒடுங்கி முக்கோணமாக இருந்தால் ஆண், அகன்று வட்டமாக இருந்தால் பெண். முன்காலுக்குப் பக்கத்தில் ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், உள்ளே அமுங்கினால் அண்மையில் ஓடு கழற்றியது, தண்ணீராகத்தான் இருக்கும். அமாவாசை நண்டில் சதை, பௌர்ணமி நண்டு காலி என்று எல்லோரும் சொல்வார்கள், அம்மாவும் சத்தியம் செய்வார். ஓடு கழற்றிய நண்டு காலியாக இருக்கும் என்பது உறுதி, அதை நிலாவோடு முடிச்சுப் போடுவதை மட்டும் நான் நம்பி வாங்குவதில்லை, விரலைத்தான் நம்புகிறேன்.

கணவாயைக் கடம்பா என்று கேளுங்கள். உள்ளே கண்ணாடித்தாள் மாதிரி மெல்லிய ஊசி இருந்தால் ஊசிக்கணவாய், வெள்ளையான கெட்டி ஓடு இருந்தால் ஓட்டுக்கணவாய். அந்த ஓடுதான் நாட்டு மருந்துக்கடையில் கடல் நுரை என்று விற்பது. தோல் புள்ளி புள்ளியாகத் தெளிவாக இருந்தால் புதுசு, சதை ரோஸ் நிறமாக மாறியிருந்தால் பழசு. மூன்று நிமிடத்தில் இறக்குங்கள் அல்லது அரை மணி நேரத்துக்கு மேல் விட்டுவிடுங்கள், இடையில் எடுத்தால் சைக்கிள் டியூப். எட்டுக்கால் உள்ள பேய்க்கணவாயும் சில நாள் வரும், இங்கே வாங்குகிறவர்கள் குறைவு.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம், ஆழி, மட்டி, சிப்பி. பாறையில் ஒட்டிக்கொண்டு, மண்ணில் புதைந்து, நகராமல் தண்ணீரை வடிகட்டித் தின்கிறவை இவை. தண்ணீரில் என்ன இருக்கிறதோ அது இதன் வயிற்றில் இருக்கும். எண்ணூர் முகத்துவாரத்தில் எத்தனையோ வருடமாக அனல்மின் நிலையச் சாம்பல் படிகிறது. 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டி, பையன்கள் வாளியால் அள்ளியதை நாம் எல்லோரும் பார்த்தோம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மறுபடியும் எண்ணெய் வந்து படகும் வலையும் கறுத்துப்போயின. அந்தப் பக்கத்து ஆழியைச் சின்ன வயதில் சுட்டுத் தின்றிருக்கிறேன், இப்போது தொடுவதில்லை. ஓடுகிற மீனுக்கு இந்தப் பயத்தை அப்படியே நீட்ட வேண்டாம், அது வெளிக்கடலில் பிடித்ததாக இருந்தால்.

கடலில் கிடைப்பது மீன் மட்டுமா என்றால், ரமலான் மாதத்தில் மண்ணடிப் பக்கம் போய்ப் பாருங்கள், பாலில் காய்ச்சி உறையவைத்த கடல்பாசி துண்டு துண்டாக விற்கும், அது கடல் தாவரத்திலிருந்து எடுப்பதுதான். கடல் அட்டை நாம் தின்பதில்லை, வெளிநாட்டில் தின்கிறார்கள், இங்கே 2001 முதல் பிடிப்பதே குற்றம். கருவாடு தனி உலகம், வாளை, நெத்திலி, அப்புறம் சென்னாகுன்னி என்கிற பொடி இறால். கத்திரிக்காயோடு ஒரு பிடி சென்னாகுன்னி போட்டுப் பாருங்கள், வேறொன்றும் சொல்லவில்லை.

மீன் கெடாமல் இருக்கக் கலக்கிற ஃபார்மலின் என்ற ரசாயனத்தைப் பற்றிய பயம் உங்களுக்கும் இருக்கும். மீனில் அதைக் கலப்பது தடை செய்யப்பட்டது, கலந்தவர்கள் பிடிபட்டதும் உண்டு. அதே நேரம் தும்பிலி போன்ற சில மீன்களை உறையவைத்தால் அதன் சதையிலேயே ஃபார்மலினில் இருக்கிற அதே ஃபார்மால்டிஹைடு சிறிதளவு தானாக உண்டாகும், அதனால் சோதனையில் லேசாக நிறம் மாறியதை வைத்து மட்டும் ஒருவரைத் திருடன் என்று சொல்லிவிட முடியாது. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதற்காக ஒரு காகிதப் பட்டைச் சோதனை கொண்டுவந்தது. ஈ மொய்க்காத மீன் ஃபார்மலின் மீன் என்று சொல்வதை விட்டுவிடுங்கள், நிறைய ஐஸ் போட்டாலும் ஈ குறைவாகத்தான் வரும். கண் தெளிவாக இருந்தால் புதுசு என்பதும் பாதிதான் உண்மை, ஐஸில் பட்ட கண் புது மீனிலும் மங்கும். செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக, கொழகொழப்பு இல்லாமல் இருக்கணும். வயிற்றை அழுத்துங்கள், குழி உடனே மேலே வரணும். முகருங்கள், கடல் வாசனை வரலாம், புளித்த வாடை வரக் கூடாது. விற்கிற அக்கா "இன்னாமா, வாங்குவியா மோந்து பாத்துட்டு பூடுவியா" என்று கத்துவார், சிரித்துக்கொண்டே முகருங்கள், அவரும் ஏலத்தில் அதைத்தான் செய்துவிட்டு வந்திருக்கிறார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, இனப்பெருக்கக் காலத் தடை. அப்போது பெரிய மீன் நிறைய மேற்குக் கடற்கரையிலிருந்து லாரியில் வரும், அங்கே தடை ஜூனில்தான் தொடங்கும். வழியிலேயே நாள் போய்விடுவதால் அந்த இரண்டு மாதம் நான் ஃபைபர் படகு மீனாகப் பார்த்து, சின்னதாகத்தான் வாங்குவேன்.

அடுத்த வாரம் ஞாயிறு போகாதீர்கள், கூட்டமும் விலையும் அன்றுதான் உச்சம். ஒரு வியாழன் விடியற்காலை போங்கள். குழந்தைக்குக் கால் கிலோ கிழங்கான், உங்களுக்கு அரை கிலோ சங்கரா. கிழங்கானை லேசாக மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்து, முள்ளை நீங்களே விரலால் தடவிப் பார்த்து எடுத்துவிட்டு, சோற்றில் பிசைந்து கொடுங்கள். வெளியே வெட்டித் தருகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், அவர்களிடம் சங்கராவைக் கொடுக்கும்போது தலையை வீச வேண்டாம், செவுளை மட்டும் எடுங்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சினை இருந்தால் அதையும் தனியாகக் கேட்டு வாங்குங்கள், கேட்காவிட்டால் குடலோடு பக்கெட்டுக்குப் போய்விடும்.